சாவி யார் கையில்?

புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளை ஆலய முற்றத்தில் நிறுத்தி, மாலை சூட்டி, பங்குத்தந்தையை அழைத்து மந்திரிக்கச் செய்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். செபம் முடிந்து, தீர்த்தமும் தெளித்தாயிற்று. அதன்பின் வண்டியின் சாவி யாருடைய கைக்குப் போகிறது என்று நாம் பார்ப்பதில்லை. பல வீடுகளில் அது பதினைந்து வயதுப் பையனின் கைக்கே போகிறது. திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாகக் கரூர் செல்லும் சாலையில், குஜிலியம்பாறையில் சற்று நேரம் நின்றால் இது விளங்கும். பஞ்சாலை வேன்களும் கரிக்காலி சிமெண்டு லாரிகளும் ஆட்டு மந்தைகளும் செல்லும் அதே சாலையில், மீசை அரும்பாத பிள்ளைகள் ஒரே வண்டியில் மூவராகப் பறக்கிறார்கள். அவர்களைத் தோட்டத்துக்கும் கடைக்கும் அனுப்பியவர்கள் பெற்றோரே.

ஓட்டுநர் உரிமம் என்பது தொடக்கத்தில் திறமைக்குச் சான்றாக எல்லா நாட்டிலும் இருக்கவில்லை. பாரிஸ் நகரக் காவல்துறை 1893-லேயே மோட்டார் ஓட்டுவோருக்குச் சான்றிதழ் வேண்டும் என்றது. இங்கிலாந்தோ மெல்ல நடந்தது. 1896 ஆகஸ்டு 17 அன்று இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். அந்நாட்டில் காரால் உயிரிழந்த முதல் பாதசாரி அவரே. இத்தகைய சாவு இனி நேராதிருக்கட்டும் என்று விசாரணை நடத்திய அதிகாரி விரும்பினார். அவர் விருப்பம் என்ன ஆயிற்று என்பதை நாம் அறிவோம். 1903-இல் வந்த சட்டப்படி ஐந்து ஷில்லிங் செலுத்தியவருக்கு உரிமம் கிடைத்தது. ஓட்டத் தெரியுமா என்று எவரும் சோதிக்கவில்லை. 1934-இல் மட்டும் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். மறு ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்துதான் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று.

நம் நாட்டில் 1914-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்தை வலியுறுத்தியது. 1939-ஆம் ஆண்டின் சட்டம் அதை விரிவாக்கியது. இன்றுள்ளது 1988-ஆம் ஆண்டின் சட்டம். தேர்வு என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது 'எட்டுப் போடுவது' தான். காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டால் பையன் தேறிவிட்டான் என்று வீடே மகிழ்கிறது. சாலை விதிகளையும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவற்றையும் பழகுநர் உரிமத் தேர்வு கேட்கத்தான் செய்கிறது. ஆயினும் மற்றவன் முந்தும்போது பொறுத்துக்கொள்ளும் மனம் உண்டா, குடித்த கையோடு சாவியைத் தொடாதிருக்கும் உறுதி உண்டா என்பதை எந்த எட்டும் காட்டாது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 17,884 பேர் தமிழகத்தில். நாடு முழுதும் இறந்தோரில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

சட்டத்தில் நாம் கவனிக்கத் தவறிய பகுதி வேறொன்று. உரிமம் இல்லாதவரையோ வயது நிரம்பாதவரையோ ஓட்ட விடலாகாது என்று வண்டியின் உரிமையாளரைத் தடுக்கும் விதி 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஐந்தாம் பிரிவாக இருக்கிறது. 1988-இலும் அதே எண்ணில் தொடர்கிறது. பதினாறு வயதில் 50 சி.சி.க்கு மிகாத வண்டி ஓட்ட அனுமதி உண்டு. அதற்குப் பெற்றோர் எழுத்து மூலம் இசைவு தர வேண்டும். பழைய டி.வி.எஸ். 50 அந்த வரம்புக்குள் அடங்கியது. இன்று அதன் இடத்தில் ஓடும் எக்ஸ்.எல். 100 அடங்காது. "சின்ன வண்டிதானே" என்னும் நம் சமாதானம் அங்கேயே உடைந்துபோகிறது.

திருச்சபையும் இதைப் பற்றி மௌனம் காக்கவில்லை. வேக வரம்பைப் பொருட்படுத்தாதவர்கள் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள் என்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 30-ஆம் எண்ணில் கண்டித்தது. குடியாலோ வேக மோகத்தாலோ சாலையில் பிறரை ஆபத்துக்குள்ளாக்குவது பெருங்குற்றம் என்கிறது 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல். அதை ஐந்தாம் கட்டளையின் கீழ் வைத்துப் பேசுகிறது. 2007-இல் வத்திக்கான் வாகன ஓட்டிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளையே வெளியிட்டது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யும் நம்மில் எத்தனை பேர் வண்டி ஓட்டிய விதத்தை நினைத்துப் பார்க்கிறோம்?

பேருந்து எப்போதோ வரும் சிற்றூர்களில் தந்தையர் படும் பாட்டை நாம் அறியாமல் பேசவில்லை. டியூஷனுக்குப் பையன் எப்படிப் போவான் என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. சிறுவன் குற்றம் செய்தால், வண்டி பெற்றோரின் இசைவோடுதான் ஓடியது என்று நீதிமன்றம் முதலிலேயே கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தாம் தடுக்க முயன்றதாகவோ அவர்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கோ இருபத்தைந்து வயது நிறையும் வரை உரிமம் கிடையாது. லாரியோ வேனோ ஓட்டிப் பிழைக்கலாம் என்று எண்ணியிருக்கும் குஜிலியம்பாறைப் பிள்ளை பதினாறு வயதில் பிடிபட்டால், ஒன்பது ஆண்டுகள் வேறு வேலைதான் தேட வேண்டும்.