முதற் கவளம்

கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் பொழுது புலருமுன்பே படகுகள் கரை சேருகின்றன. வலையை உதறுகிறார்கள், நெத்திலி கொட்டுகிறது, மத்தி குவிகிறது, கிழங்கான் துள்ளுகிறது. பரங்கிப்பேட்டைக் கரையிலிருந்து கூடைகள் சிதம்பரத்துக் கடைத்தெருவுக்குப் போகின்றன. வீட்டுக்கு வீடு குழம்பு கொதிக்கிறது. பாட்டன் உண்கிறார், தந்தை உண்கிறார், பள்ளி செல்லும் பையன் உண்கிறான். அதே வீட்டுத் தூளியில் எட்டு மாதக் குழந்தை கிடக்கிறது. அதற்கு மட்டும் வெறுங் கஞ்சி. மிஞ்சினால் பாலில் நனைத்த பிஸ்கோத்து. "பச்சைப் பிள்ளைக்குக் கவிச்சியா? ஆகாது, தோஷம்!" என்கிறாள் பாட்டி. கடலின் செல்வம் வாசற்படிவரை வருகிறது; தொட்டிலண்டை செல்ல மட்டும் அதற்குத் தடை!

இந்தத் தடையை விதித்தவர் யார்? "சாத்திரம்" என்பார்கள் சிலர். நல்லது, சாத்திரத்தையே புரட்டிப் பார்ப்போம்.

குழந்தைக்கு முதன்முதல் சோறூட்டும் சடங்கை அன்னப்பிராசனம் என்பர். அதை எப்படிச் செய்வது என்று கூறுபவை கிருகிய சூத்திரங்கள். ஆசுவலாயனர் பெயரால் வழங்கும் சூத்திரம், ஆறாம் மாதத்தில் அச் சடங்கைச் செய்யச் சொல்கிறது. சொல்லிவிட்டு, அடுத்து என்ன கூறுகிறது? குழந்தைக்கு ஊட்டம் வேண்டுமா, ஆட்டிறைச்சி கொடு. பிரம தேஜஸ் வேண்டுமா, கவுதாரி இறைச்சி கொடு. ஒளி வேண்டுமா, நெய்ச்சோறு கொடு என்கிறது. சாங்காயன சூத்திரம் இவற்றோடு மீனையும் சேர்க்கிறது: விரைவு வேண்டுமானால் மீன்! பாரஸ்கர சூத்திரமோ, நாவன்மைக்கு ஒரு பறவை, நீண்ட ஆயுளுக்கு ஒரு பறவை என்று பட்டியலே போடுகிறது. இவை மறைவில் கிடக்கும் ஏடுகளல்ல. 1886 இல் ஓல்டன்பர்க் ஆங்கிலத்தில் பெயர்த்து, மாக்ஸ் முல்லர் பதிப்பித்த 'கிழக்கின் புனித நூல்கள்' வரிசையின் 29 ஆம் தொகுதியில் அச்சேறியவை.

தாய்ப்பால் மட்டுமே ஊட்டும் காலம் ஆறு மாதம் என்று 2001 இல் உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. உடனே, "ஆறாம் மாதம் என்று அன்றே சொன்னார் எம் முன்னோர்!" எனச் சிலர் மார்தட்டக்கூடும். தட்டட்டும், ஆனால் அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்கட்டும்! கவுதாரி தின்றால் தேஜஸ் வரும் என்பதை நாம் நம்பவில்லை. சாத்திரத்தைச் சான்றாக்கவும் நாம் முனையவில்லை. சாத்திரத்தின் பெயரால் போட்ட தடைக்குச் சாத்திரத்திலேயே ஆதாரம் இல்லை என்பதைத்தான் காட்டுகிறோம்.

தமிழ் மரபு தடுத்ததா? கடலூருக்கு வடக்கே, ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தில், நுளையர் குடியிற் சுட்ட குழல் மீனை விருந்தாகப் பெறலாம் என்று பாணனுக்கு வழி சொல்கிறது சிறுபாணாற்றுப்படை. அந்தணராகிய கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம், ஊனும் சோறும் உண்பதன்றி வேறு வருத்தம் அறியாததால் தம் கை மென்மையாயிற்று என்று கூறியதாகப் புறநானூறு பேசுகிறது. புலவர் உண்டார்; புரவலர் ஊட்டினார்; இழிவு என்று எவரும் முகஞ் சுளிக்கவில்லை.

பின்னர் எப்படி வந்தது இந்தக் கூச்சம்? உணவைக் கொண்டு மனிதரை உயர்த்தியும் தாழ்த்தியும் அடுக்கிய சாதி ஏற்பாடுதான் அதன் ஊற்று. 'சுத்தம்' என்ற சொல்லுக்கு 'உயர்வு' என்று பொருள் ஏற்றினார்கள். புலால் உண்பவன் தாழ்ந்தவன் ஆனான். ஏணியில் ஒரு படி ஏற விரும்பிய சாதியார், மேற்படியில் இருப்போரைப் பார்த்து ஊனை விலக்கினர். இப்போக்கையே சமூகவியலறிஞர் எம். என். சீனிவாஸ், குடகரைப் பற்றி 1952 இல் வெளியிட்ட நூலில் 'சமஸ்கிருதமயமாதல்' என்ற பெயரால் விளக்கினார். ஊனை முற்றும் விட இயலாத குடும்பங்களிலும் அந்தக் கூச்சத்தின் நிழல் விழுந்தது. நல்ல நாளில் ஆகாது, விரத நாளில் ஆகாது, 'தெய்வத்துக்குச் சமமான' குழந்தைக்கு ஆகாது!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம்: "வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே! உங்கள் மாவட்டத்து வள்ளலாரும் புலாலைக் கண்டித்தாரே!" உண்மை. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 இல் பிறந்த இராமலிங்கர், 1867 இல் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி கேளாமல் பசி தீர்க்கும் அந்த அடுப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் புலாலை மறுத்தது உயிரிரக்கத்தால். இரக்கம் என்பது வேறு. தீட்டு என்பது வேறு. இரக்கத்தால் ஊனை விட்டவர் தம் வீட்டில் எவருக்கும் அதைச் சமைப்பதில்லை. நாம் கேட்பதோ, தாம் வயிறாரத் தின்றுவிட்டுத் தொட்டிலுக்கு மட்டும் தீட்டுச் சொல்லும் வீட்டாரை! அங்கே இரக்கத்துக்கு என்ன வேலை?

இந்தத் தடையின் விலையைச் செலுத்துவது யார்? பேசத் தெரியாத பிள்ளை. அடுத்த குழந்தை பிறந்ததும் பால் இழந்து மெலியும் பிள்ளையைச் 'சவலை' என்று நம் தாய்மார் அழைத்தனர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், பால் மறந்த குழந்தைகளை வீங்கவைத்துக் கொல்லும் ஒரு நோயை 1933 இல் விவரித்தார். 'குவாஷியோர்கர்' என்ற அதன் பெயர், அந்நாட்டுக் கா மொழியில், அடுத்த பிள்ளை வந்ததால் இடம் இழந்த குழந்தையின் நோய் என்றே பொருள்படும். கடல்களுக்கு அப்பால் இருந்த தாயும் நம் ஊர்த் தாயும் ஒரே துயரைக் கண்டனர், இருவரும் பெயரிட்டனர். காரணத்தைத் தேடியதோ அறிவியல். நம் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் அந்தத் தேடல் நடந்தது. 1958 இல் ஐதராபாத்துக்கு மாறிய அக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து பெற்றுவந்த இரும்புச்சத்தின் சேமிப்பு கரையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு; வெறுங் கஞ்சியிலும் அப்படியே. இறைச்சியிலும் ஈரலிலும் மீனிலும் உள்ள இரும்பைக் குழந்தையின் குடல் எளிதில் ஏற்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு இந்தியாவிலும், 57 பேருக்குத் தமிழ்நாட்டிலும் இரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. உணவு அவற்றுள் முதன்மையான ஒன்று. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை, இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றை நாள்தோறும் ஊட்டுமாறு உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வழிகாட்டியது.

அறிவியலும் தவறியதுண்டு. ஒவ்வாமைக்கு அஞ்சி, ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை மீன் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000 இல் கூறியது. அதற்குச் சான்று போதாது என்று 2008 இல் அதுவே ஒப்புக்கொண்டது. சோதித்தது, திருத்திக்கொண்டது. பழக்கத்துக்கு இந்த நாணயம் உண்டா?

நம் பக்கத்துப் பழக்கத்தையும் அதே உரைகல்லில் உரைப்போம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு என்பது கடற்கரை வழக்கம். ஆனால் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்கிறது. பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் அவற்றைத் தவிர்ப்பதே அறிவு. நெத்திலியும் மத்தியும் கிழங்கானும் இருக்கின்றனவே! எலும்புச் சாறு மட்டும் போதும் என்பதும் மயக்கமே. சத்து சதையில் இருக்கிறது, சாற்றில் அல்ல.

ஆகவே, ஆறு மாதம் நிறைந்ததும், நன்றாக வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தேடி நீக்கி, காரமும் உப்பும் இன்றிச் சோற்றோடு மையப் பிசைந்து, சிறிது சிறிதாக ஊட்டலாம். இறைச்சியை அரைத்தே கொடுக்க வேண்டும்; ஈரல் எப்போதாவது, கொஞ்சமாகப் போதும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். புலால் உண்ணாத குடும்பத்தார் பருப்பு, கீரை, பால் ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்து ஊட்டி, மருத்துவரின் அறிவுரையையும் பெறட்டும். எவர் தட்டிலும் எதையும் திணிக்க நாம் வரவில்லை.

இளைஞர்களே! மேடையில் மூடநம்பிக்கையைச் சாடிவிட்டு வீடு திரும்பும் இரவில், தூளியருகே சற்று நில்லுங்கள். உங்கள் தங்கையின் குழந்தை என்ன உண்டது என்று கேளுங்கள். பாட்டியிடம் சினம் வேண்டாம். அவள் அன்பில் குறையில்லை, அவளுக்கு ஊட்டப்பட்ட அச்சத்தில்தான் குறை. கைகழுவி அமருங்கள், முள்நீக்கிய மீனை அவள் கண்முன்னே சோற்றில் பிசையுங்கள். அந்தச் சிறு வாய் திறக்கும். முதற் கவளம் உள்ளே போகட்டும், தோஷம் வெளியேறட்டும்!