ஏரி நாட்டில் மழைநாட் பஸ் பிரயாணம்

இங்கிலாந்தின் வடமேற்குக் கோடியில், கம்பிரியா வட்டாரத்தின் நடுவே, மலைகளும் அவற்றின் இடுக்குகளில் நீண்டு கிடக்கும் நீர்நிலைகளுமாக அமைந்த பிரதேசம் ஏரி நாடு எனப்படும். 1951-ஆம் வருஷத்தில் தேசியப் பூங்காவாகவும், 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பெற்ற இதன் பரப்பு ஏறத்தாழ 2,360 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்), மிகப் பெரிய ஏரியாகிய விண்டர்மியர், மிக ஆழமான ஏரியாகிய வாஸ்ட்வாட்டர் ஆகிய மூன்றும் இச்சிறு எல்லைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

இங்கே வருவோர் மழையைப் பிரயாணத்துக்கு நேர்ந்த விக்கினமாகக் கருதுவது வழக்கம்; அது சரியான எண்ணமன்று. ஐரிஷ் கடலைக் கடந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளின்மீது மோதி, மேலெழுந்து குளிர்ந்து, தான் சுமந்துவந்த நீரில் பெரும்பகுதியை நடுச் சிகரங்களைச் சுற்றியே பொழிந்துவிடுகிறது. அதனால், பாரோடேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலுள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூர் வருஷத்துக்கு 3,300 மில்லிமீட்டர் அளவு மழை பெற்று, இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களுள் மழை மிகுந்தது என்று பெயர் வாங்கியிருக்க, அதே பள்ளத்தாக்கின் வாயிலிலுள்ள கெஸிக் நகரம் அதில் பாதிக்கும் குறைவாகவும், கிழக்கே எல்லைக்கு வெளியிலுள்ள பென்ரித் கால் பங்கு அளவுமே பெறுகின்றன. பெருமழையும் தூறலும் மேகம் விலகிய வெளிச்சமும் ஒரே மணி நேரத்துக்குள் மாறி மாறி வருவது இங்கே சர்வசாதாரணம்.

ஏரிக்கரைகளைச் சுற்றிவர ரயில் இல்லாமல் பஸ்ஸே பிரதான வாகனமாக அமைந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. கெண்டல் நகரிலிருந்து விண்டர்மியர் ஊர்வரை இருப்புப்பாதை இடும் யோசனை 1844-இல் எழுந்தபோது மகாகவி வேர்ட்ஸ்வொர்த் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். பாதை 1847-இல் திறக்கப்பட்டதாயினும் விண்டர்மியருக்கு அப்பால் ஓரடியும் முன்னேறவில்லை. பிற்காலத்தில் பட்டர்மியர் ஏரிப் பக்கம் ஒரு ரயில் பாதை இடும் திட்டத்தை எதிர்த்துப் போராடிய பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, 1895-இல், இத்தகைய நிலங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தை நிறுவிய மூவரில் ஒருவரானார். வடக்கே பென்ரித்திலிருந்து கெஸிக்குக்கு ஓடிய ரயிலும் 1972-இல் நின்றுபோயிற்று. இப்பள்ளத்தாக்குகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுவிலிருந்து பிரிகின்றன என்று வேர்ட்ஸ்வொர்த் தம் வழிகாட்டி நூலில் வருணித்திருக்கிறார். அந்த நடுவை ஊடறுத்துச் செல்லும் சாலை இன்றும் கிடையாதாகையால், பஸ்களும் மலைகளைச் சுற்றியே போகின்றன.

விண்டர்மியர் ரயில் நிலையத்து வாசலிலிருந்து ஆம்பிள்சைட், ரைடல், கிராஸ்மியர் வழியாகக் கெஸிக்குக்குச் செல்லும் 555-ஆம் எண் பஸ்ஸே இவற்றுள் பிரசித்தமானது. கவி தம் கடைசி முப்பத்தேழு வருஷங்களைக் கழித்த ரைடல் மவுண்ட் இல்லமும், அதற்கு முன் வாழ்ந்த டவ் காட்டேஜ் என்னும் சிறு வீடும், 1850-இல் அடக்கமான கிராஸ்மியர் மாதாகோயிலும் இந்த வழியிலேயே இருக்கின்றன.

மாடி பஸ்ஸின் மேல்தளத்து முன்வரிசை ஆசனத்தை இயன்றவரை விடக்கூடாது. சாலையின் இருமருங்கிலும் எழும்பி நிற்கும் கற்சுவர்கள் கீழே அமர்ந்தவரின் பார்வையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். சாந்து பூசாமல், இரு முகமாகக் கல்லடுக்கி, நடுவே சிறு கற்களை நிரப்பி, இடையிடையே குறுக்கே நீளக்கல் பாய்ச்சிக் கட்டப்பட்டவை அச்சுவர்கள். வெயிலில் வெறும் சாம்பல் நிறமாகத் தோன்றும் அந்தக் கற்கள் மழையில் நனைந்ததும் பசுமையும் கருநீலமுமாகப் பளபளக்க, அவற்றின்மேல் படர்ந்த பாசி ஊறிப் புடைத்துச் சுடர்விடுவதை ஜன்னலோரத்தில் இருப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். கண்ணாடி உள்ளிருப்போர் மூச்சினால் மங்கிப்போகும். அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டும்.

சுவரோரம் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பவை ஹெர்ட்விக் ஆடுகள். கன்னங்கரேலென்று பிறந்து, வயதேற ஏற நரைக்கும் இந்த ஜாதி, வேலியில்லாத மலையில் தன் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் இவற்றை வளர்ப்பதில் பெருமுயற்சி எடுத்ததோடு, 1943-இல் காலமானபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துச் சென்றார். இன்று பஸ்ஸிலிருந்து நாம் காணும் காட்சி பாழாகாமல் எஞ்சியதில் அந்தத் தானத்துக்குப் பெரும் பங்குண்டு.

கிராஸ்மியரைத் தாண்டியதும் சாலை டன்மெய்ல் ரெய்ஸ் கணவாயில் ஏறுகிறது. 2015 டிசம்பர் 5-ஆம் தேதியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் ஹானிஸ்டர் கணவாயில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டிப் பிரிட்டனின் பழைய கணக்குகளையெல்லாம் மிஞ்சியபோது, டன்மெய்லில் இச்சாலையையே வெள்ளம் பெயர்த்தெறிந்தது. மறுபடி வாகனங்கள் முழுமையாக ஓட 2016 மே மாதமாயிற்று. கணவாய்க்கு அப்பால் தேர்ல்மியர் ஏரி கிடக்கிறது. மான்செஸ்டர் நகரசபை அணைகட்டி உயர்த்திய இதன் ஜலம், 1894 முதல் பம்பு எதுவுமின்றி, சரிவின் வேகத்தாலேயே 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அந்நகரை அடைகிறது.

மழையின் மகிமையைப் பூரணமாகக் காண வேண்டியவர் கெஸிக்கில் இறங்கிப் பாரோடேல் பஸ்ஸில் ஏற வேண்டும். மண் மெலிந்த, எரிமலைப் பாறையாலான செங்குத்துச் சரிவுகள் நீரை உள்வாங்காமல் உடனே கீழே தள்ளிவிடுவதால், காலையில் இல்லாத அருவிகள் நண்பகலில் மலைமுகம் எங்கும் வெள்ளைக் கோடுகளாக இறங்கிவிடும். டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையிலுள்ள லோடோர் அருவியைக் கெஸிக்கில் வாழ்ந்த அரசவைக் கவி சதே 1820-இல் பாடிப் புகழ் சேர்த்தார். அப்புகழை நம்பி வறண்ட கோடையில் வருவோர் பாறைகளின் நடுவே கசியும் சிறு நீரையே கண்டு ஏமாற, மழைநாளில் வருவோர் அருவியைக் காணும் முன்பே அதன் முழக்கத்தைக் கேட்கின்றனர்.

ஹானிஸ்டர் கணவாயைக் கடந்து பட்டர்மியர் வழியாகத் திரும்பும் பஸ் வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம் வரையில்தான் ஓடும். மற்ற மாதங்களில் சீட்டாலர் என்னும் சிற்றூரோடு பஸ் வழி முடிகிறது. அங்கிருந்து சீத்வெயிட் பண்ணைக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு நடக்க வேண்டும். மாலைக்குப் பிறகு பஸ்கள் அரிதாகையால், திரும்பும் வேளையை ஏறும்போதே டிரைவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.