சன்சார்பூர்: ஹாக்கி விளைந்த கிராமம்

பஞ்சாபில் ஜலந்தர் படைமுகாமை ஒட்டியுள்ள சிற்றூர் சன்சார்பூர். ஆங்கிலேயப் படையினர் ஆடிய ஹாக்கியைப் பார்த்துப் பழகிய கிராமத்துப் பிள்ளைகள், விரைவிலேயே அதைத் தங்கள் ஆட்டமாக்கிக்கொண்டனர். 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியில் இவ்வூரின் குர்மித் சிங் இருந்தார். அவருக்குப் பின் வந்த உதம் சிங் 1952, 1956, 1964 ஆகிய ஆண்டுகளில் தங்கமும் 1960இல் வெள்ளியும் வென்றார். ஒரு நாட்டுக்கே பெருமை சேர்க்கும் சாதனை இது. சேர்த்ததோ ஒரு கிராமம்.

1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் இவ்வூர்க்காரர் ஐவர் இந்தியாவுக்காக ஆடினர். கென்ய அணியிலும் சன்சார்பூர் வழிவந்தோர் இருந்தனர். 1975இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணித்தலைவர் இவ்வூரின் அஜித் பால் சிங்.

மறு ஆண்டே காலம் மாறியது. மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆட்டம் நடந்தது. அதே அஜித் பால் சிங் தலைமையிலேயே இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. செயற்கைத் தரை அமைக்கப் பெரும் பணம் தேவை. புல்வெளியில் கற்ற ஊர்கள் பின்தங்கின. இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றனர். ஆயினும் 14 ஒலிம்பிக் வீரர்களைத் தந்த இக்கிராமத்துக்கு இந்திய ஹாக்கி வரலாற்றில் ஈடில்லை.