போய்விடுவார்கள் என்று நினைத்தவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். முப்பது வருஷம் வகுப்பில் பேசிய வாய், சுருக்கமாகச் சொல்ல வராது. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "வடக்கத்தி ஆளுங்க இல்லீன்னா கம்பெனி ஓடாதுங்க சார். ஆனா இப்பெல்லாம் பொண்டாட்டி புள்ளைகளோட வந்து தங்கிக்கிறாங்க. வந்தமா, வேலையச் செஞ்சமா, ஊருக்குப் போனமான்னு இருக்கோணும்."

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கடைசி வரி மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இதே வரியை நம்பி ஒரு நாடு தன் கொள்கையை வகுத்தது. மேற்கு ஜெர்மனி. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கடைசியில் என் கதையும் கொஞ்சம் வரும்.

இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான நாடு, பத்தே ஆண்டுகளில் எழுந்து நின்றது. சுரங்கம், இரும்பாலை, கார் தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. 1955 டிசம்பரில் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1960இல் ஸ்பெயின், கிரீஸ். கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களும் அதுவரை ஆள் பஞ்சத்தைக் கொஞ்சம் தீர்த்து வந்தார்கள். 1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழும்பியது. அந்த வரத்து நின்றுபோனது. அதே ஆண்டு அக்டோபர் 30இல் துருக்கியோடு ஒப்பந்தம். பிறகு மொராக்கோ, போர்ச்சுகல், துனிசியா, யூகோஸ்லாவியா.

வந்தவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'காஸ்ட்ஆர்பைட்டர்'. விருந்தாளித் தொழிலாளி என்று அர்த்தம். விருந்தாளி என்றாலே கிளம்பிப் போகிறவர் அல்லவா? இஸ்தான்புல்லில் ஓர் அலுவலகம் வைத்து பல், கண், ரத்தம், சிறுநீர் வரை சோதித்து ஆள் எடுத்தார்கள். தேர்வானவர்கள் நாள்கணக்கில் ரயிலில் வந்து மியூனிக் நிலையத்தின் 11ஆம் நடைமேடையில் இறங்குவார்கள். அங்கிருந்து ஆளாளுக்கு ஓர் ஊர். தொழிற்சாலை விடுதியில் ஒரே அறையில் பலர், அடுக்குக் கட்டில்.

துருக்கி ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இரண்டு ஆண்டுதான் தங்கலாம். அப்புறம் இவர் போய் வேறொருவர் வருவார். சுழற்சி முறை என்றார்கள். இந்த விதியை உடைத்தது யார் தெரியுமா? தொழிலாளிகள் அல்ல, முதலாளிகள். இரண்டு வருஷம் செலவழித்து வேலை பழக்கிய ஆளை அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆளுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க எந்தக் கம்பெனிக்காரர் விரும்புவார்? 1964இல் அந்த இரண்டாண்டு வரம்பு நீக்கப்பட்டது. என் பழைய மாணவர் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அதே 1964 செப்டம்பரில் பத்து லட்சமாவது விருந்தாளித் தொழிலாளி வந்து இறங்கினார். போர்ச்சுகலைச் சேர்ந்த தச்சர், அர்மாண்டோ ரோட்ரிகஸ் டி சா. கொலோன் நகர ரயில் நிலையத்தில் பூச்செண்டு கொடுத்தார்கள். ஒரு மொபெட்டைப் பரிசாகக் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். அந்த மொபெட் இன்று பான் நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'போய்விடுவார்கள்' என்று நினைத்தவர்கள் முழு முட்டாள்கள் அல்ல. 1955 முதல் 1973 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் வந்தார்கள். சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிப் போனார்கள். தங்கிவிட்ட மிச்சப் பேருக்கும் தங்கும் எண்ணம் முதலில் இல்லை. அடுத்த வருஷம் போய்விடலாம், ஒரு வீடு கட்டப் பணம் சேரட்டும் என்றே வருஷங்களைத் தள்ளினார்கள். ஆக, கூப்பிட்டவரும் வந்தவரும் சேர்ந்தே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இதனால் என்ன ஆனது? அழுக்கும் ஆபத்துமான வேலைகளை வந்தவர்கள் எடுத்துக்கொள்ள, ஜெர்மானியத் தொழிலாளிகளில் பலர் மேற்பார்வையாளராகவும் அலுவலகப் பணியாளராகவும் மேலே ஏறினார்கள். இளவயதில் வந்தவர்கள் கட்டிய சந்தா அந்த நாட்டின் ஓய்வூதிய நிதிக்கு வலு சேர்த்தது. வாடகை மலிவான பழைய பகுதிகளில் வெளிநாட்டவர் குவிந்தார்கள். அங்கே பள்ளிக்கும் வீட்டுக்கும் நெருக்கடி வந்தது. லாபம் நாடு முழுக்கப் பரவியது. சிரமமோ சில தெருக்களின் தலையில் மட்டும் விழுந்தது. அந்தத் தெருக்காரர்களின் புகாரைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

1973இல் எண்ணெய் நெருக்கடி. நவம்பர் 23 அன்று, இனி ஆள் எடுப்பதில்லை என்று அரசு கதவைச் சாத்தியது. அப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சுமார் 26 லட்சம். கதவைச் சாத்தினால் கூட்டம் குறையும் என்பதுதானே கணக்கு? நடந்தது நேர்மாறு. அதுவரை துருக்கிக்காரர் ஊருக்குப் போய்ச் சில காலம் இருந்துவிட்டு மறுபடி வரலாம் என்று நினைக்க முடிந்தது. இப்போது போனால் திரும்ப முடியாது. அதனால் இருந்தவர்கள் அசையவில்லை. மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். குடும்பம் சேர்வதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. போதாக்குறைக்கு 1975இல், ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கான உதவித்தொகையைக் குறைத்தார்கள். பிள்ளைகளை அழைத்து வர அதுவும் ஒரு காரணம் ஆயிற்று. தொழிலாளர் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் 1973இல் சுமார் 40 லட்சமாக இருந்த மொத்த வெளிநாட்டவர் தொகை 1980இல் சுமார் 44 லட்சம் ஆனது.

தனி ஆளாக வந்தவர்கள் குடும்பமானார்கள். பிரச்சினை பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தது.

'எப்படியும் போகப் போகிற பிள்ளைகள்' என்ற எண்ணம் பாடத்திட்டத்துக்குள்ளும் நுழைந்தது. ஜெர்மன் பள்ளியில் சேர வேண்டும், ஊர் திரும்பவும் தயாராக இருக்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் இரண்டு குறிக்கோள். பவேரியா மாநிலத்தில் தாய்மொழி வழியிலேயே தனி வகுப்புகள் நடத்தினார்கள். தாய்மொழியில் படிப்பது நல்லதுதான். நானும் அதன் கட்சிதான். ஆனால் அங்கே அதன் நோக்கம் பிள்ளையின் அறிவு அல்ல, பிள்ளையின் பயணச்சீட்டு. இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு, பத்து வயதிலேயே, பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி ஒரு பள்ளி. சீக்கிரம் வேலைக்குப் போகும் வழி இன்னொரு பள்ளி. மொழி இன்னும் பிடிபடாத பிள்ளை எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று சொல்லவா வேண்டும்?

எச்சரித்தவர் இல்லாமல் இல்லை. வெளிநாட்டவர் விவகாரங்களுக்கென அரசு நியமித்த முதல் பொறுப்பாளர் ஹைன்ஸ் க்யூன், 1979இல் ஓர் அறிக்கை கொடுத்தார். இவர்கள் குடியேறிவிட்டவர்கள் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள், பள்ளியில் முழுமையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமையை எளிதாக்குங்கள் என்றார். அரசு அதன் பெரும்பகுதியை ஓரம் கட்டியது. 1983இல் கோல் அரசு, வேலையிழந்தவர்கள் ஊருக்குப் போனால் 10,500 மார்க் தருகிறேன் என்று சட்டம் போட்டது. இது குடியேற்ற நாடு அல்ல என்பதே ஆட்சியாளர்களின் பல்லவியாக இருந்தது. 1980களில் போருக்குத் தப்பி நம் ஈழத்து உறவுகள் அங்கே போய் இறங்கியபோதும் அந்த நாடு இந்த மனநிலையில்தான் இருந்தது.

'விருந்தாளி இன்னும் போகவில்லையே' என்ற எரிச்சல் எங்கே போய் முடிந்தது? 1992இல் மியோல்ன் ஊரில் துருக்கியர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 1993 மே மாதம் சோலிங்கனில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர், பெண்களும் சிறுமிகளும். எரிச்சல்பட்டவர்கள் எல்லாம் தீ வைக்கவில்லை. ஆனால் இவர்கள் நம்மவர்கள் என்று அரசு ஒருநாளும் சொல்லாத இடத்தில்தான் அந்தத் தீ பற்றியது.

ரத்த உறவை அடிப்படையாகக் கொண்ட 1913ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை 2000 ஜனவரி 1 முதல் மாற்றினார்கள். பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டு முறையாகத் தங்கியிருந்தால், அங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை என்று அப்போது விதி வந்தது. 2005இல்தான் அரசே ஏற்பாடு செய்யும் மொழி வகுப்புகள் சட்டத்தில் வந்தன. முதல் ஒப்பந்தம் 1955. நடுவில் ஐம்பது ஆண்டு!

கொலோனில் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு துருக்கியரின் மகன், நான்கு வயதில் ஜெர்மனிக்கு வந்தவன். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அவனைக் கீழ்நிலைப் பள்ளிக்குத்தான் பரிந்துரைத்தார். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் தலையிட்டதால் பையன் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பள்ளியில் சேர்ந்தான். அவர் பெயர் உகுர் சாஹின். மனைவி ஓஸ்லெம் துரெச்சியோடு சேர்ந்து பயோன்டெக் நிறுவனத்தைத் தொடங்கி, கொரோனா தடுப்பூசி தந்தவர். தடுப்பூசி கண்டுபிடித்தால்தான் மரியாதை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காத பிள்ளைகள் எத்தனை பேரோ என்பதுதான் என் யோசனை.

எனக்கு அந்த ஆசிரியர் மேல் கோபம் வரவில்லை. வரும் தகுதி எனக்கில்லை.

2011 ஜூன். நான் பொறுப்புத் தலைமையாசிரியர். சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒடிசாக்காரர் ஒருவர், பதினோரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒடியாவில் எழுதிய ஒரு காகிதம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும். இருந்தும், "ஆறு மாசத்துல ஊருக்குப் போயிடுவீங்க, அதுக்குள்ள பொண்ணு என்னத்தப் படிக்கப் போகுது, ஊர்லயே சேர்த்துக்கங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

2018இல் ஒரு மருந்துக் கடையில் ஒரு பெண், "வணக்கம்ங்க சார்" என்றது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்தான் சொன்னது. அவர்கள் போகவே இல்லை. ஏழு வருஷமும் அதே ஊரில்தான். தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு, இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கொங்குத் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசியது. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "பேசத்தானுங்க தெரியும்" என்றது.

இங்கே வருகிறவர்கள் வெளிநாட்டவர்கூட அல்ல. நாட்டில் எங்கும் தங்கி வாழும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வீட்டு வாடகை, கூலிப் போட்டி, தெருவில் நெரிசல் பற்றிய கவலைகள் உண்மை. பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை பிள்ளைகளின் வயது நிற்காது.

ஜூனில் பள்ளி திறக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் கம்பெனி லைன் வீடுகளில், பள்ளிக்குப் போகாத வெளிமாநிலப் பிள்ளை இருந்தால் பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது என்னைப் போலப் பதில் சொன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நானே வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்