இரவற் குரலும் சொந்தக் குரலும்

தெலுங்குப் பத இலக்கியத்தில் பாடுபவர் ஆணாயினும் பாட்டின் குரல் பெரும்பாலும் பெண்ணினதே. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் சிறப்புப் பெற்ற க்ஷேத்ரய்யா, நாயகியாக நின்று ஊடலையும் கூடலையும் பாடினார். அதனைப் பக்தியெனவே சான்றோர் போற்றினர்.

அடுத்த நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அவையை அணிசெய்தவர் முத்துப்பழனி, தேவதாசி மரபினர். ராதையின் ஊடலைப் பொருளாக்கி 'ராதிகா சாந்த்வனமு' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். பெண்ணின் குரலை அவர் இரவல் வாங்கவில்லை. பின்னாளில் அந்நூலை ஆபாசமென இகழ்ந்தவர் கந்துகூரி வீரேசலிங்கம். கைம்பெண் மறுமணத்திற்காகப் போராடிய சீர்திருத்தச் செம்மலே அவர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

முன்னைய பதிப்பில் செய்யுட்கள் பல விடுபட்டிருந்தன. தம் பாட்டி, தாய் முதலியோரின் வழிமரபை முத்துப்பழனி பெருமிதத்தோடு கூறும் பகுதியும் அதில் இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பெற்று, 1910இல் நூலை முழுமையாகப் பதிப்பித்தார். நாணம் பெண்டிர்க்கு மட்டுந்தானா, ஆடவர்க்கு இல்லையா என முன்னுரையில் வினவினார். 1911இல் அரசு அந்நூலைத் தடைசெய்தது. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராயிருந்த காலத்தில்தான் (1946–47) தடை நீங்கியது.

பெண்குரலை ஆண் ஏற்றபோது கலையெனக் கொண்டவர்கள், பெண்ணே பேசியபோது குற்றமெனக் கண்டனர். தடை நீங்கிற்று; நாகரத்தினம்மாளின் வினாவுக்குக் கவிஞர்கள் இன்னும் விடை கூற வேண்டும்.