பிசினில் பிறந்த பெயர்

பள்ளியில் உயிரியல் படித்த எவருக்கும் ரைபோசோம் தெரிந்த பெயர்தான். ‘செல்லின் புரதத் தொழிற்சாலை’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்தப் பெயருக்குள் அரபு நாடு ஒளிந்திருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

‘சோம்’ என்ற பின்பாதியில் சிக்கல் எதுவும் இல்லை. கிரேக்கத்தில் ‘சோமா’ என்றால் உடல். குரோமோசோம், லைசோசோம் எல்லாவற்றிலும் இருப்பது அதே உடல்தான். ‘ரைபோ’தான் வம்புக்காரச் சொல். கிரேக்க அகராதியைப் புரட்டினாலும் இலத்தீன் அகராதியைப் புரட்டினாலும் அதற்கு வேர் கிடைக்காது.

வேர் ஒரு மரத்தில் இருக்கிறது. சூடான் முதல் செனகல் வரையுள்ள வறண்ட நிலங்களில் வளரும் ஒருவகை வேலமரம், நம் கருவேலத்துக்குச் சொந்தக்காரன். அதன் பட்டையில் கசியும் பிசின் அரபு வணிகர்களின் கை வழியே ஐரோப்பாவுக்குப் போனதால் அங்கே அது ‘அரபுப் பிசின்’ ஆயிற்று. மையிலும் மிட்டாயிலும் தபால்தலையின் பின்பக்கப் பசையிலும் அதைச் சேர்த்தார்கள். அந்தப் பிசினைச் சிதைத்து எடுத்த, ஐந்து கரி அணுக்கள் கொண்ட சர்க்கரைக்கு ‘அராபினோஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

1891-இல் ஜெர்மனியின் எமில் ஃபிஷர், தன் உதவியாளர் ஆஸ்கர் பிலோட்டியுடன் சேர்ந்து அராபினோஸிலிருந்து வேறொரு சர்க்கரையை உருவாக்கினார். இரண்டுக்கும் அணுக் கணக்கு ஒன்றே. இரண்டாவது கரி அணுவில் தொங்கும் ஹைட்ராக்சில் தொகுதி மட்டும் பக்கம் மாறியிருந்தது. புதியதற்கு என்ன பெயர் வைப்பது? அராபினோஸ் என்ற பெயரின் எழுத்துகளையே கலைத்து, சிலவற்றை உதிர்த்து, ‘ரைபோஸ்’ என்றார்கள். மூலக்கூறில் ஓர் உறுப்பு இடம் மாறியதற்குப் பெயரில் எழுத்துகள் இடம் மாறின. அப்போது அந்தச் சர்க்கரை இயற்கையில் எங்கேனும் இருப்பதாக யாருக்கும் தெரியாது.

1909-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஃபீபஸ் லெவீன், ஈஸ்ட்டின் நியூக்ளிக் அமிலத்தில் இருக்கும் சர்க்கரை ரைபோஸ்தான் என்று காட்டினார். அதனால் அது ரைபோ நியூக்ளிக் அமிலம், அதாவது ஆர்.என்.ஏ. பின்னாளில் டி.என்.ஏ.வின் சர்க்கரையையும் அவரே இனங்கண்டார். அது ரைபோஸில் ஓர் ஆக்சிஜன் குறைந்தது. குறைந்த இடம், ஃபிஷர் காலத்தில் பக்கம் மாறிய அதே இரண்டாவது கரி அணு.

பெயரின் முன்பாதி இப்படித் தயாராக இருந்தது. பொருள் இன்னும் கண்ணில் படவில்லை. அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கிளாட், செல்களை நசுக்கி அதிவேகத்தில் சுழற்றிப் பிரித்தபோது மிக நுண்ணிய துகள்கள் அடியில் படிந்தன. 1943-இல் அவற்றை ‘மைக்ரோசோம்’ என்றார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஜார்ஜ் பலாடே பார்த்து 1955-இல் எழுதினார்: எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் ஒட்டியும் தனியாகவும் கரிய மணிகள். பாஸ்டனில் பால் ஸமெக்னிக் குழுவினர், கதிரியக்க அடையாளமிட்ட அமினோ அமிலத்தை எலிகளுக்குச் செலுத்தி ஈரலைச் சோதித்தார்கள். அடையாளமிட்ட புரதம் முதலில் தலைகாட்டியது அந்தத் துகள்களில்தான்.

இப்போது பெயர்ச் சண்டை வந்தது. மைக்ரோசோம் என்றால் சிலருக்கு மணிகள், ஒட்டியிருக்கும் சவ்வு வெறும் அழுக்கு. வேறு சிலருக்குச் சவ்வுதான் பொருள், மணிகள் அழுக்கு. 1958 பிப்ரவரியில் அமெரிக்க உயிரியற்பியல் சங்கத்தின் முதல் கருத்தரங்கில் ‘ரைபோசோம்’ என்ற சொல் முன்வந்தது. அந்த உரைகளைத் தொகுத்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ‘மைக்ரோசோம் பகுதியின் ரைபோநியூக்ளியோபுரதத் துகள்கள்’, அதாவது ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த துகள்கள், என்று இழுப்பதைவிட இது காதுக்கு இதமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார். அறிவியலில் ஒரு சொல்லை ஓசைக்காக ஏற்றதாக வெளிப்படையாக எழுதியவர்கள் மிகக் குறைவு. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ரைபோசோம் செய்யும் வேலை அடுத்த சில ஆண்டுகளில் துலங்கியது. மரபணுவிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ. ரைபோசோமின் இரண்டு துணையலகுகளுக்கு இடையே நகர்கிறது. மும்மூன்று எழுத்தாக அது வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. சுமந்து வருகிறது. வளரும் சங்கிலி முழுவதும் புதிதாக வந்த அமினோ அமிலத்தின் மேல் மாற்றப்படுகிறது. பிறகு தூது ஆர்.என்.ஏ. மூன்றெழுத்து நகர, அடுத்தது வருகிறது. பாக்டீரியாவில் நொடிக்கு இருபது வரை சேர்க்க முடியும். நிறுத்தக்குறி வந்ததும் சங்கிலி கழன்றுவிடும். 1961-இல் நிரன்பெர்க்கும் மத்தாயும் யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபினைல்அலனின் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. மரபுக் குறியீட்டில் முதலில் பிடிபட்ட சொல் அது.

அமினோ அமிலங்களை உண்மையில் இணைப்பது யார்? வினையூக்கம் என்றாலே புரதம் என்று நினைத்த காலம் அது. ரைபோசோமில் ஐம்பதுக்கு மேல் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் இணைப்பு வேலையைச் செய்கிறது, ஆர்.என்.ஏ. வெறும் சாரம் என்று வெகுகாலம் தேடினார்கள். 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுவினர் பெரிய துணையலகின் அமைப்பை அணு அணுவாக வெளியிட்டார்கள். இணைப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி ஆர்.என்.ஏ. மட்டுமே இருந்தது. புரதங்கள் விளிம்பில் நின்றன. சிறிய துணையலகின் அமைப்பு அதே ஆண்டில் வெங்கி ராமகிருஷ்ணன் குழுவிடமிருந்தும் அடா யோனத் குழுவிடமிருந்தும் வந்தது. ஸ்டைட்ஸ், யோனத், சிதம்பரத்தில் பிறந்த ராமகிருஷ்ணன் மூவருக்கும் 2009-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஓசைக்காகப் பிடித்துக்கொண்ட ‘ரைபோ’, 42 ஆண்டு கழித்துப் பொருளாலும் சரியானதாயிற்று.

தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று ‘இரைபோசோம்’ என எழுதுபவர்கள் உண்டு. அதில் எனக்கு வழக்கில்லை. ‘புரதத் தொழிற்சாலை’யைப் பெயராகவே ஆக்குவதைத்தான் ஏற்க மாட்டேன். அது வேலையைச் சொல்கிறது, வேலை செய்யும் கையை மறைக்கிறது. பாடநூல் எழுதுவோர் ரைபோசோமை அப்படியே விட்டுவிட்டு, கீழே ஒரு வரி சேர்க்கலாம்: ரைபோ என்பது ரைபோஸ், ஆர்.என்.ஏ.வின் முதலெழுத்தும் அதுதான்.