ஊர் சுற்றிய இருதலைப் பறவை

ஓசூர் பேருந்து நிலையத்தில் கர்நாடக அரசுப் பேருந்துக்காகக் காத்திருந்தவர்கள் இந்தப் பறவையைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஓர் உடல், விரித்த சிறகு, இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. கண்டபேரண்டம் என்று பெயர். மைசூர் உடையார்களின் சின்னமாக இருந்து கர்நாடக அரசின் முத்திரைக்கு வந்தது. (மைசூர் சாண்டல் சோப்பில் இருப்பதும் இதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அது யானைத்தலையும் சிங்க உடலும் கொண்ட வேறொரு பிராணி.) இதே இரண்டு தலையோடு ஒரு பறவை ரஷ்ய அரசின் முத்திரையிலும் இருக்கிறது, அல்பேனியாவின் கொடியிலும் இருக்கிறது, செர்பியாவின் கொடியிலும் இருக்கிறது. கர்நாடகத்துக்கும் ரஷ்யாவுக்கும் என்ன உறவு?

கதை துருக்கியில், கூல்தெபெ என்ற மண்மேட்டில் தொடங்குகிறது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் பெயர் கனேஷ். இன்றைய ஈராக்கில் இருந்த அசூர் நகரத்து வணிகர்கள் கழுதைகள்மேல் வெள்ளீயமும் துணியும் ஏற்றிக்கொண்டு, வாரக்கணக்கில் நடந்து அங்கே வருவார்கள். வெள்ளியும் தங்கமும் வாங்கித் திரும்புவார்கள். கணக்கு, கடிதம், கடன் பத்திரம் எல்லாமே களிமண் பலகையில். அந்தப் பலகைக்கு உறையும் களிமண்தான். உறை காயும் முன் அதில் முத்திரை பதிக்க வேண்டும். அந்தக் காலத்து அனத்தோலிய (இன்றைய துருக்கிப் பகுதி) முத்திரைகளில்தான் இருதலைக் கழுகு தலைகாட்டுகிறது. கோட்டையிலும் கொடியிலும் ஏறுவதற்கு முன்பு, சரக்கு மூட்டைகளுக்கு நடுவே பிழைத்த பறவை இது.

பிறகு அந்தப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசர்கள் அதைக் கல்லுக்குக் கொண்டுபோனார்கள். அலாஜா ஹூயூக் நகர வாசலில் மனிதமுகச் சிங்கச் சிலையின் பக்கவாட்டில் பாருங்கள்: இரண்டு தலைக் கழுகு, ஒவ்வொரு காலிலும் ஒரு முயலைப் பிடித்திருக்கிறது. யாசிலிகாயா பாறைக் கோயிலில் இரண்டு தேவியர் இந்தக் கழுகின்மேல் நிற்கிறார்கள். கி.மு. 1200ஐ ஒட்டி ஹிட்டைட் பேரரசு சரிந்தது.

ஏன் இரண்டு தலை? கிழக்கையும் மேற்கையும் பார்க்கிறது, ஆன்மிகத்தையும் அரசையும் ஆள்கிறது என்று பிற்காலத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. வாசலில் கோலம் போடுபவர்களுக்குக் காரணம் தெரியும். இடப்பக்கம் ஒரு கிளி போட்டால் வலப்பக்கமும் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு உறுத்தும். முத்திரை செதுக்குபவனுக்கும் பட்டு நெய்பவனுக்கும் அதே கண்தான். பக்கவாட்டில் பார்க்கும் பறவையை வரைந்து அப்படியே புரட்டிப் போட்டால் உடல் ஒன்றாகிவிடும், தலை மட்டும் இரண்டாக நிற்கும். ஒரே பறவைதான் எல்லா ஊருக்கும் பறந்ததா, அங்கங்கே தானாகவே முட்டையிலிருந்து வந்ததா என்று ஆராய்பவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தட்சசீலத்தின் சிர்காப் பகுதியில் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழைய பௌத்தத் தூபி ஒன்று உண்டு. அதன் அடித்தள முகப்பில் கிரேக்கக் கோயில் வடிவம், இந்தியத் தோரணம், வளைந்த கூரை வடிவம் என மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ஒரு வளைவின் உச்சியில் இருதலைக் கழுகு அமர்ந்திருக்கிறது. அகழ்ந்தெடுத்த ஜான் மார்ஷல் அந்தத் தூபிக்கே அதன் பெயரை வைத்துவிட்டார்.

தமிழுக்கும் இந்தப் பறவை பழக்கம்தான். அகநானூற்றின் 12ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தோழி, தானும் தலைவியும் இருதலைப்புள்ளைப் போல என்கிறாள். தலை இரண்டு, உயிர் ஒன்று. பஞ்சதந்திரம் அதே பறவையை நேர்மாறாகப் பார்க்கிறது. ஒரு தலைக்கு அமுதம் போன்ற பழம் கிடைக்க, மற்றதற்குப் பங்கு தர மறுக்கிறது. கோபித்த தலை விஷக்கனியைத் தின்கிறது. வயிறு ஒன்று என்பதால் இரண்டும் சேர்ந்தே சாகின்றன. நட்புக்கும் பகைக்கும் ஒரே உவமை போதுமானதாக இருந்திருக்கிறது.

கன்னட நாட்டில் அது பலசாலி ஆனது. சிவமொக்கா பக்கம் பள்ளிகாவியில் 1047ல் நிறுத்திய தூணின் உச்சியில் மனித உடலும் இரண்டு பறவைத்தலையுமாக ஒரு பேருண்டன் இருக்கிறான். விஜயநகரத்தின் அச்சுதராயர் தம் தங்க நாணயத்தில் இந்தப் பறவை அலகிலும் காலிலும் யானைகளைத் தூக்கிப் போவதாகப் பொறித்தார். அனத்தோலியாவில் முயல் பிடித்தது இங்கே யானை பிடிக்கிறது! புராணமும் சேர்ந்துகொண்டது. நரசிம்மரின் உக்கிரத்தை அடக்கச் சிவன் சரபமாக வந்தார் என்பது சைவர் கதை. கும்பகோணம் பக்கம் திருபுவனத்தில் சரபேசுவரரைக் கும்பிட்டிருப்பீர்கள். அந்தச் சரபத்தையும் அடக்க விஷ்ணு கண்டபேரண்டமாக வந்தார் என்பது வைணவர் பதில்.

மேற்கே 13ஆம் நூற்றாண்டில் வேடிக்கை உச்சத்துக்குப் போனது. அனத்தோலியாவை ஆண்ட செல்ஜுக் துருக்கியர் கொன்யா நகரில் கல்லிலும், குபாதாபாத் அரண்மனையில் ஓட்டிலும் இருதலைக் கழுகை வைத்தார்கள். திவ்ரீ மசூதியின் வாசலிலும் அது இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பைசாந்தியப் பேரரசின் பாலையோலோகோஸ் அரச குடும்பமும் அதையே தன் சின்னமாக்கிக்கொண்டது. எதிரெதிர் அரசுகள், ஒரே பறவை. சண்டைக்கு நடுவிலும் பட்டு வியாபாரம் நிற்காததே காரணமாக இருக்கும். இருதலைக் கழுகு நெய்த பட்டுகள் ஐரோப்பியத் தேவாலயக் கருவூலங்களில் இன்றும் இருக்கின்றன.

பிறகு வந்தவர்கள் பார்த்துப் போட்டவர்கள். 1433ல் புனித ரோமப் பேரரசராக முடிசூடிய சிகிஸ்முண்ட், அரசனுக்கு ஒரு தலை, பேரரசனுக்கு இரண்டு தலை என்று கணக்கை நிலைநிறுத்தினார். மாஸ்கோவின் மூன்றாம் இவான் 1497ல் தன் முத்திரையில் அதைப் பொறித்தார். பைசாந்திய இளவரசி சோபியாவை மணந்ததால் சீதனமாக வந்த சின்னம் என்பார்கள். ஆனால் திருமணம் நடந்தது 1472ல். சீதனத்தை எடுத்துப் பூட்டிக்கொள்ள 25 ஆண்டு ஆகுமா? வியன்னா தூதர்களோடு பழகிய பிறகு, அவர்கள் பேரரசருக்கு நான் எதில் குறைந்தவன் என்ற ரோஷத்தில் வைத்தது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1935ல் கிரெம்ளின் கோபுரங்களிலிருந்து கழுகுகளை இறக்கி நட்சத்திரங்களை ஏற்றினார்கள். 1993ல் அது மறுபடியும் அரசு முத்திரை ஆனது.

2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஸ்விட்சர்லாந்து 2-1 என்று செர்பியாவை வென்றது. கோல் போட்ட ஷாகாவும் ஷாகிரியும் கொசோவோ அல்பேனிய வம்சாவளியினர். இரண்டு கையையும் குறுக்காகக் கோத்து, கட்டைவிரல்களைப் பிணைத்து, மற்ற விரல்களைச் சிறகாக அசைத்தார்கள். அல்பேனியக் கழுகு. செர்பியர்கள் கொதித்தார்கள், ஃபிஃபா ஆளுக்கு 10,000 ஸ்விஸ் பிராங்க் அபராதம் போட்டது. தோற்ற செர்பியாவின் கொடியிலும் அதே பறவைதான். ஆட்டம் நடந்த ரஷ்யாவின் முத்திரையிலும் அதே பறவைதான்.

இப்படிக் கொடியிலும் கோட்டையிலும் ஏறி அது சண்டை வளர்த்துக்கொண்டிருக்க, சத்தமில்லாமல் அதைக் கடல் தாண்டவைத்தது ஒரு வெள்ளிக்காசு. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவின் தாலர்: ஒரு பக்கம் அரசியின் முகம், மறுபக்கம் இருதலைக் கழுகு. டாலர் என்ற சொல்லுக்கும் தாலர்தான் மூலம். அரசி 1780ல் இறந்தார். ஆனால் ஏமன் காப்பி வியாபாரிகளுக்கும் எத்தியோப்பியச் சந்தைக்கும் அந்தக் காசின்மேல்தான் நம்பிக்கை. அரசியின் நகையில் முத்துகள் தேயாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்குவார்கள். வேறு காசு செல்லவில்லை. ஆகவே 1780 என்றே ஆண்டு போட்டுத் தொடர்ந்து அடித்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, ரோமிலும் லண்டனிலும் பாரிசிலும். இரண்டாம் உலகப் போரில், 1940-41ல், பம்பாய் நாணயச் சாலையிலும் அடித்தார்கள்.

ஆகையால் பழைய பெட்டியில் 28 கிராம் எடையில் பெரிய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்து, அதில் கழுகும் 1780ம் இருந்தால், ஆஸ்திரிய அரசியின் காலத்தது என்று அவசரப்பட்டு விலை பேசிவிடாதீர்கள். வியன்னாவில் அதை இன்றும் அடிக்கிறார்கள், அதே 1780 போட்டு.